கணிப்பொறிக்குள் கணிப்பொறி

மண்வெட்டி இரவல் கேட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறோம். உள்ளிருந்து, "இல்லை" என்று குரல் வருகிறது. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை செய்திகள் அடங்கிக் கிடக்கின்றன என்பதை நாம் சாதாரணமாக எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களிடம் மண்வெட்டியே கிடையாது என்று பொருளாகலாம். மண்வெட்டி இருக்கிறது, ஆனால் அது கிடக்கும் அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுப் பெரியவர் சந்தைக்குப் போயிருக்கிறார் என்றும் ஆகலாம். நமக்கு முன்னே வேறொருவர் வந்து வாங்கிப் போய்விட்டார் என்றும் இருக்கலாம். முதலாவதானால் கடைக்குப் போய்ப் புதிது வாங்கவேண்டும். இரண்டாவதானால் பெரியவர் திரும்பும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தால் போதும். மூன்றாவதானால் வாங்கிப் போனவர் வீட்டுக்கு நடக்கவேண்டும். எது என்று கேளாமலே கடைக்கு ஓடுகிறவனுக்குக் காசு வீண்.

கணிப்பொறியும் இவ்வாறே "இல்லை" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டு வாளா இருக்கும் இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். இதை எனக்கு நினைவூட்டியவர் பாலக்கோட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு மாணவி. அவருடைய தந்தையார் தக்காளி பயிரிடுகிறவர். பாலக்கோட்டுத் தக்காளியின் விலை ஒரு வாரம் ஏறும், மறு வாரம் வண்டி வாடகைக்கும் தேறாது. அத்தகைய வருமானத்தில் மகளுக்காகப் பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றை அவர் வாங்கித் தந்திருந்தார்.

கல்லூரியில் மாணவிக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் பொறிக்குள்ளேயே, வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் நிரலின் உதவியால், பாஸ் லினக்ஸ் என்ற மற்றோர் இயங்குதளத்தையும் ஓட்டிக் காட்டவேண்டும். பாஸ் லினக்ஸ் நமக்குப் புதியதன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கியது. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக நம் பள்ளிப் பிள்ளைகள் பலரின் கைக்கு வந்தது. ஆனால் மாணவியின் பொறி அதை ஓட்ட மறுத்துவிட்டது. செயலியின் மெய்நிகராக்க வசதி கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டிச் செய்தி திரையில் தோன்றியது.

அவர் பொறியைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குப் போனார். கடைக்காரர் பார்த்தார், ஏதோ மாற்றிக் கொடுத்தார், கடையில் வேலை செய்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் "இல்லை". இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை கடைக்காரர், "போர்டு போய்விட்டது, மாற்ற ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்று சொல்லிவிட்டார். தந்தையார் அந்தத் தொகைக்குக் கைமாற்று கேட்கப் புறப்பட்டிருந்த சமயத்தில்தான் மாணவி என்னிடம் வந்தார். "சார், போர்டு மாற்றினால் கட்டாயம் சரியாகிவிடுமா?" என்பதே அவருடைய கேள்வி. அதற்கு விடை சொல்வதற்கு முன் எந்த "இல்லை" இது என்று தெரியவேண்டியிருந்தது.

மெய்நிகராக்கம் என்றால் என்ன? வானொலியில் படம் வரைந்து காட்ட இயலாது. ஆகவே ஓர் ஏரியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கு ஒரு மடை. அதன் கீழே பல வயல்கள். மடையைத் திறக்கவும் மூடவும் உரிமை பெற்ற காவலர் ஒருவர் இருக்கிறார். அவர் முறை வைத்து நீர் விடுகிறார். தன் முறை வரும்போது ஒவ்வோர் உழவரும் கால்வாய் முழுவதும் தமக்கே சொந்தம் என்பது போலப் பாய்ச்சிக்கொள்கிறார். கணிப்பொறியில் ஏரி என்பது செயலியும் நினைவகமும். உழவர்கள், உள்ளே ஓடும் இயங்குதளங்கள். காவலருக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். நாம் அவரைக் காவலர் என்றே அழைக்கலாம்.

இந்த ஏற்பாடு நடக்கவேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. யாராவது ஓர் உழவர் தாமே மடையில் கை வைத்தால், அந்தக் கணமே காவலருக்குத் தெரியவேண்டும். அவர் வந்து, "நீர் கை வைக்கவேண்டாம், உமக்கு வேண்டியதை நான் செய்கிறேன்" என்று சொல்லவேண்டும். இந்த நிபந்தனையை 1974-ல் போபெக், கோல்ட்பர்க் என்ற இரு அறிஞர்கள் ஒரு கட்டுரையில் கணிதத் தெளிவோடு எழுதி வைத்தார்கள்.

அவர்கள் எழுதுவதற்கு முன்பே பெரிய பொறிகளில் இது நடைமுறைக்கு வந்திருந்தது. ஐபிஎம் நிறுவனத்தார் 1960களில் ஆய்வாகத் தொடங்கி, 1972-ல் விஎம்/370 என்னும் பெயரில் வாடிக்கையாளர்களுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1970களில் பெரும் புகழோடு விளங்கிய ஐபிஎம் 370/155 என்ற பொறியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அந்த வகையின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1970-ல் 370/155 முதன்முதலாக அறிவிக்கப்பட்டபோது, நினைவக முகவரிகளை மாற்றிக் கொடுக்கும் உறுப்பு அதற்குள் இல்லை. அந்த உறுப்பு இன்றி விஎம்/370 ஓடாது. இரண்டாண்டு கழித்து, தனிப் பெட்டியாக அதை விலை கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் கூறியது. ஏற்கெனவே பெருந்தொகை கொடுத்துப் பொறி வாங்கியிருந்தவர்கள் மகிழவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மண்வெட்டியே கிடையாது என்ற முதல் வகை "இல்லை" அது.

நம் மேசைமேல் இருக்கும் சிறு பொறிகளின் கதை வேறு விதமானது. இன்டெல் வழியில் வந்த செயலிகள் போபெக், கோல்ட்பர்க் ஆகியோரின் நிபந்தனையை நெடுங்காலம் நிறைவேற்றவில்லை. பென்டியம் செயலியின் கட்டளைகளை ஆராய்ந்த இருவர், அவற்றில் 17 கட்டளைகள் அந்த நிபந்தனைக்குப் புறம்பானவை என்று 2000-ல் எண்ணிக் காட்டினார்கள். ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். வெளியிலிருந்து வரும் குறுக்கீடுகளைத் தற்காலிகமாகத் தடுத்துவைக்கும் உரிமை இயங்குதளத்துக்கு மட்டுமே உண்டு. உரிமை இல்லாத நிரல் ஒன்று 'பாப்எஃப்' என்ற கட்டளையால் அதைச் செய்ய முயன்றால், செயலி மறுப்பும் சொல்லுவதில்லை, காவலரைக் கூப்பிடுவதுமில்லை. கேட்டதைச் செய்யாமல் மௌனமாகக் கடந்துபோய்விடுகிறது. உழவர் மடை திறந்துவிட்டதாக எண்ணி வரப்பில் நிற்கிறார், நீர் வரவில்லை, காவலருக்குச் செய்தியும் இல்லை. வெளிப்படையான மறுப்பைவிட இந்த மௌனம் தொல்லை மிக்கது.

1999-ல் விஎம்வேர் என்ற நிறுவனத்தார் இதற்கு ஒரு மாற்று வழி கண்டார்கள். விருந்தாளியாக வந்த இயங்குதளத்தின் கட்டளைகளை ஓடும்போதே படித்து, தொல்லை தருபவற்றை மட்டும் மாற்றி எழுதி ஓட்டினார்கள். வியக்கத்தக்க சாமர்த்தியம் என்பதில் ஐயமில்லை. எனினும் சில்லுக்குள்ளேயே வசதி வேண்டும் என்ற தேவை தீரவில்லை. இன்டெல் நிறுவனம் 2005-ஆம் ஆண்டின் இறுதியில் பென்டியம் 4 வகையின் இரண்டு சில்லுகளில் அதைக் கொண்டுவந்தது. அதற்கு விடி-எக்ஸ் என்று பெயர். அடுத்த ஆண்டு ஏஎம்டி நிறுவனமும் தன் முறையை வெளியிட்டது. அது எஸ்விஎம் என்ற பெயரால் வழங்குகிறது. காவலருக்கென்று தனி மேடை ஒன்று சில்லுக்குள்ளேயே கட்டப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அதைப் பூட்டி வைப்பது ஏன்? காவலர் நல்லவராக இருக்கும்வரை தொல்லை இல்லை. கள்ளன் ஒருவன் காவலர் வேடத்தில் மேடை ஏறிவிட்டால், கீழே இருக்கும் விண்டோஸுக்குத் தன்மேல் ஒருவன் உட்கார்ந்திருப்பதே தெரியாது. இது வெறும் கற்பனை அன்று. ஜோவானா ருட்கோவ்ஸ்கா என்ற போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் 2006-ல் ஏஎம்டி சில்லு ஒன்றில் இதைச் செய்தே காட்டினார். ஆகையால் சில்லுக்குள் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் விழித்துக்கொள்வது தாய்ப்பலகையில் இருக்கும் பயாஸ் என்ற சிறு நிரல். மெய்நிகராக்கம் வேண்டுமா, வேண்டாமா என்பதை அதுவே சில்லில் எழுதி, எழுதிய கையோடு பூட்டியும்விடுகிறது. பிறகு விண்டோஸ் வந்து மன்றாடினாலும் அந்தப் பூட்டு திறக்காது. பொறி மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். விண்டோஸுக்குள் எந்தப் பொத்தானைத் தேடி அழுத்தினாலும் இது சரிவராது என்பதற்குக் காரணம் இதுதான். பல தாய்ப்பலகைகளில், நாமாக மாற்றாதவரை, "வேண்டாம்" என்றே குறித்து அனுப்பியிருப்பார்கள்.

இனி மாணவியின் பொறிக்கு வருவோம். திரையில் வந்த செய்தியைச் சொல்லுக்குச் சொல் படிக்கச் சொன்னேன். இதை நீங்களும் வழக்கமாக்கிக்கொள்வது நலம். வர்ச்சுவல்பாக்ஸ் இரு வேறு செய்திகளைத் தரும். 'விடி-எக்ஸ் பயாஸில் முடக்கப்பட்டுள்ளது' என்பது ஒன்று. அப்படி வந்தால் மண்வெட்டி வீட்டில் இருக்கிறது, அறைதான் பூட்டியிருக்கிறது. 'விடி-எக்ஸ் கிடைக்கவில்லை' என்பது மற்றது. இதற்குச் சில்லில் வசதியே இல்லை என்றோ, வேறொருவர் எடுத்துக்கொண்டார் என்றோ பொருள். மாணவி படித்தது முதற் செய்தி. அந்தச் சொற்களைக் கேட்டவுடனே, சில்லின் மேல் குற்றம் இல்லை என்பது பாதி தெளிவாகிவிட்டது. சில்லின் எண்ணைப் பார்த்தோம்: கோர் ஐ3-2120. அந்த எண்ணுக்கு விடி-எக்ஸ் உண்டு என்று தயாரித்தவர்களின் பட்டியலே கூறுகிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் செயலியைப் பற்றிய பக்கத்தில், மெய்நிகராக்கம் முடக்கப்பட்டிருக்கிறது என்ற வரியும் இருந்தது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'எல்எஸ்சிபியு' என்ற கட்டளை கொடுத்து, மெய்நிகராக்கம் பற்றிய வரி வருகிறதா என்று பார்க்கலாம்.

"கடைக்காரர் பயாஸில் அதை மாற்றினாரா?" என்று கேட்டேன். "மாற்றினார் சார், நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். வீட்டில் நானே மூன்று முறை மாற்றினேன். நிற்கமாட்டேன் என்கிறது."

"எப்படி மாற்றினாய்? ஒன்று விடாமல் சொல்."

அவர் ஒழுங்காகவே செய்திருந்தார். பொறி தொடங்கும்போது டெலீட் விசையை அழுத்தி உள்ளே போய் (சில பொறிகளில் எஃப்2, சிலவற்றில் எஃப்10), செயலியின் பக்கத்தில் அந்த வரியைக் கண்டு, மாற்றி, சேமித்திருந்தார். இடையில் ஒரு சிறு எச்சரிக்கை. விடி-டி என்று இன்னொரு வரி சில பலகைகளில் இருக்கும். அது பொறியின் துணைக் கருவிகளை உள்ளிருக்கும் இயங்குதளத்துக்கு நேரே ஒப்படைக்கும் வேறு வசதி. அதை மட்டும் திறந்துவிட்டு, வேலை முடிந்தது என்று நம்பி ஏமாந்த மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். சில நிறுவனப் பொறிகளிலோ இந்த வரி செயலியின் பக்கத்தில் இராது. பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கும். இந்த மாணவி அங்கெல்லாம் தவறவில்லை. சேமித்த பிறகு அவர் செய்ததுதான் என் கவனத்தை ஈர்த்தது. "அணைத்துவிட்டு, மின்கம்பியைப் பிடுங்கி, அரை நிமிடம் கழித்துச் செருகவேண்டும் என்று போட்டிருந்தது, அப்படியே செய்தேன்" என்றார்.

அது நல்ல அறிவுரைதான். சில பொறிகளில், வெறுமனே மறுபடி தொடங்கினால் பழைய பூட்டே நீடிக்கும். மின்சாரம் முழுவதும் நின்று வந்தால்தான் புதிய ஆணை சில்லில் ஏறும். அந்த அறிவுரையைப் பின்பற்றியதனால் கெட்டுப்போகும் பொறியும் உண்டோ என்று எண்ணிக்கொண்டே, "தொடங்கும்போது திரையில் வேறு ஏதாவது எழுத்து வருகிறதா?" என்று கேட்டேன்.

"ஏதோ செக்சம் என்று வரும் சார். எஃப்1 அழுத்தினால் போய்விடும். வாங்கின நாளிலிருந்தே அப்படித்தான்; பழகிவிட்டது. கடிகாரமும் தப்பாகக் காட்டும்."

நோய் அகப்பட்டுவிட்டது. பழைய தாய்ப்பலகைகளில், நாம் பயாஸில் செய்யும் மாற்றங்கள் சிமாஸ் என்னும் ஒரு சிறு நினைவகத்தில் தங்குகின்றன. மின்சாரம் நின்றால் அது மறந்துவிடும். மறவாமல் இருப்பதற்காகப் பலகையில் ஒரு நாணயம் போன்ற மின்கலம் பொருத்தியிருக்கிறார்கள். சிஆர்2032 என்பது அதன் எண். 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3 வோல்ட். பொறி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவதும் அதுவே. மின்கம்பி செருகியிருக்கும்வரை, பொறி அணைந்திருந்தாலும், சுவரிலிருந்து ஒரு சிறு மின்னோட்டம் வந்துகொண்டிருப்பதால் மின்கலத்தின் வேலை மிகக் குறைவு. கம்பியைப் பிடுங்கினாலோ, நம் ஊர்களில் புதுமையல்லாத மின்வெட்டு வந்தாலோ, சுமை முழுவதும் மின்கலத்தின் மேல் விழுகிறது. இந்த மாணவியின் பொறியில் அது என்றோ தீர்ந்துபோயிருந்தது. கடையில் கம்பியோடு இருந்தபோது மாற்றம் நின்றது. வீட்டுக்குத் தூக்கி வரும் வழியிலேயே அழிந்தது. வீட்டில் அவர் அறிவுரைப்படி கம்பியைப் பிடுங்கிய ஒவ்வொரு முறையும், தாம் எழுதியதைத் தாமே அழித்துக்கொண்டிருந்தார். பயாஸ் விழித்தெழுந்து, நினைவகத்தின் கூட்டுத்தொகை சரியில்லை என்று கண்டு, தொழிற்சாலையில் குறித்த பழைய அமைப்பையே எடுத்துக்கொண்டது. அந்தப் பழைய அமைப்பில் விடி-எக்ஸ் "வேண்டாம்". கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாற்றம் நிற்கவில்லை என்பதை அவர் சரியாகவே கண்டார். நிற்காததற்குக் காரணம் தேடும்போதுதான் சிறியதை விட்டுப் பெரியதைப் பிடித்துக்கொண்டார்.

மின்கலத்தைக் கழற்றி அளந்தோம், 1.4 வோல்ட் காட்டியது. புதியது வாங்க மூன்று தேநீரின் விலை ஆயிற்று. மாற்றுவது எளிது: மின்கம்பியை எடுத்துவிட்டு, தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, கொக்கியைத் தள்ளினால் பழையது எழும்பி வரும், கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை வைக்கவேண்டும். நாள், நேரம், விடி-எக்ஸ் மூன்றையும் சரிசெய்து சேமித்தோம். கம்பியைப் பிடுங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் செருகினோம். எஃப்1 கேட்கவில்லை.

கதை அத்துடன் முடிந்தது என்று எண்ணினேன், முடியவில்லை. பாஸ் லினக்ஸ் ஓடத் தொடங்கியது, ஆனால் நத்தையும் சிரிக்கும் வேகம். வர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ் விளிம்பில் பச்சை நிறத்தில் ஓர் ஆமைப் படம் உட்கார்ந்திருந்தது. அந்த ஆமைக்குப் பொருள் உண்டு. விண்டோஸுக்குச் சொந்தமான காவலர், அஃதாவது ஹைப்பர்-வி, முன்பே மேடையில் ஏறிவிட்டார். வர்ச்சுவல்பாக்ஸ் அவரிடம் கேட்டுக் கேட்டு வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதே அது. மூன்றாவது வகை "இல்லை". மாணவியைக் கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு, வசதி கிடைக்காத ஏக்கத்தில் விண்டோஸின் கூடுதல் வசதிகள் பட்டியலில் மெய்நிகர் என்ற சொல் கண்ட பெட்டிகளையெல்லாம் முன்பே குறியிட்டு வைத்ததாகச் சொன்னார். பூட்டு இருந்தவரை அவை உறங்கின. பூட்டுத் திறந்ததும் முதலில் எழுந்தவை அவையே. குறிகளை நீக்கி மறுபடி தொடங்கினோம், ஆமை போயிற்று.

புதிய விண்டோஸ் பொறிகளில், நீங்கள் எந்தப் பெட்டியையும் தொடாமலே இந்தக் காவலர் ஏறியிருக்கக்கூடும். நினைவக ஒருமைப்பாடு என்ற பாதுகாப்பு வசதி அவரைக் கொண்டே இயங்குகிறது. வேகத்துக்காக அதை நீக்குவது, கள்ளனுக்கு எதிரான ஒரு கதவை நீக்குவதும் ஆகும். பயிற்சிக்கு ஆமை வேகம் போதுமானால் அதைத் தொடாமல் விடுவதே என் அபிப்பிராயம்.

மறு வாரம் அதே மாணவி தம் வகுப்புத் தோழர் ஒருவரை அழைத்துவந்தார். அவரிடமும் மின்கலம் ஒன்று கையில் தயாராக இருந்தது. சில்லின் எண்ணைப் பார்த்தேன்: கோர் 2 டியோ இ4500. அதே பெயரில், அதே காலத்தில் வந்த இ6600-இல் விடி-எக்ஸ் உண்டு, இ4500-இல் கிடையாது. பயாஸில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அந்த வரி வராது. வர்ச்சுவல்பாக்ஸ் முன்னெல்லாம் இத்தகைய பொறிகளிலும் 32 பிட் இயங்குதளங்களை ஒருவாறு ஓட்டியது; 2019-ல் வந்த 6.1 பதிப்போடு அதையும் கைவிட்டுவிட்டார்கள். தோழரிடம் அதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. பிறகு மூவரும் உட்கார்ந்து, அந்தப் பொறியின் வட்டில் பாதியை ஒதுக்கி, பாஸ் லினக்ஸை நேராகவே அதில் நிறுவினோம். பயிற்சி ஏட்டில் ஒரு பக்கம் தவிர மற்றவற்றையெல்லாம் அவர் அதிலேயே முடித்தார். அந்த ஒரு பக்கத்தைப் பாலக்கோட்டுக்குப் போய் அந்த மாணவியின் பொறியில் எழுதி வந்தார்.